கிழித்தது போக மிச்சம்

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டது, போகட்டும், மறந்துவிடலாம் என்று நானும் பார்க்கிறேன். முடியவில்லை. தாராவியில் பழைய பேப்பர் கிடங்கு வைத்திருந்த ஒருத்தி, நான் வேண்டாமென்று தள்ளியதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எனக்கு வரவேண்டிய மானியத்துக்குப் போட்டியாக வந்து நின்றாள். சொல்லும்போதே வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். என் அகத்துக்காரருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. பெண்கள் நாங்கள் ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் சங்கத்தின் நூலகம். நூலகம் என்றால் ஒரே ஒரு கண்ணாடி பீரோ. அந்த பீரோவின் சாவி என் இடுப்பில் இருக்கும். கல்யாணம், கச்சேரி என்று எங்கே போனாலும் இருக்கும். சங்கத்தில் தலைவி வேறொருத்தி, அவள் புருஷன் பெரிய ஆபீஸர். ஆனால் பீரோ என்னுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

உள்ளே இருந்ததெல்லாம் தொடர்கதைகள். மெட்ராஸ் மெயில் ரயிலில் வாரப் பத்திரிகைகள் வரும். கிங்ஸ் சர்க்கிள் பேப்பர் கடையில் சங்கத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். ஒரு பத்திரிகை பத்து வீடு சுற்றும். காப்பிக் கறை, எண்ணெய்க் கை, குழந்தையின் கிறுக்கல் எல்லாம் பட்டுக் கடைசியில் என்னிடம் வரும். நான் ஹேர்பின்னால் கம்பியை நெம்பி எடுத்து, தொடர்கதை உள்ள தாள்களை மட்டும் அலுங்காமல் கிழித்து எடுப்பேன். கதை முடியும் வரை அடுக்கி, ஊசி நூல் கோத்து நானே தைப்பேன். பிறகு பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து. முதல் பக்கத்தில் 'தொகுத்தவர்' என்று என் பெயர். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பெண்கள் செய்த காரியம்தான் இது. ஆனால் என் பைண்டு மாதிரி ஒரு பைண்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். கதை பத்தாம் பக்கத்தில் ஆரம்பித்தால், தாளோடு ஒன்பதாம் பக்கமும் சேர்ந்து வந்துவிடும். அதில் சம்பந்தமில்லாமல் ஏதாவது இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதையின் நடுவில், ஒன்பதாம் பக்கத்தின் உச்சியில், தலையில்லாத துணுக்கு ஒன்று இருந்தது. "என் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி இன்று காலைதான் ஊருக்குக் கிளம்பினாராம். தந்தி வந்திருக்கிறது." அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் வாயைப் பிளந்து நிற்கிற படம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தக் கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறேன். முன்பக்கம் ரத்தியோடு போய்விட்டதே. பழைய பேப்பரை பம்பாயில் ரத்தி என்போம். நான் கிழித்தது போக மிச்சத்தை மாதக் கடைசியில் ரத்திக்காரன் தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டு போவான். விட்டது சனியன் என்றிருப்பேன்.

அப்படி இருக்கும்போது மழை பீரோவுக்குள் வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் ஓதம் காத்து, பீரோவின் முதுகுப் பலகை உப்பிவிட்டது. ராமபாணப் பூச்சி வேறு. ஒரு நாள் புஸ்தகத்தைப் பிரித்தால் கதாநாயகியின் முகத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு மழையை பீரோ தாங்காது. இரும்பு அலமாரி வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், ஓதமில்லாத இடம் வேண்டும். சங்கத்தில் கேட்டால் நவராத்திரிச் சுண்டலுக்கே பணமில்லை என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டிரஸ்ட் விஷயம் காதில் விழுந்தது. ஒரு மில் முதலாளியின் குடும்பம் நடத்திய அறக்கட்டளை. இந்த ஊரில் எத்தனை பாஷை பேசுகிறார்களோ அத்தனை பாஷையிலும் உள்ள பழைய புஸ்தகம், பத்திரிகை இவற்றைக் கெடாமல் காப்பாற்றி, கேட்டவர்களுக்குப் படிக்கக் கொடுப்பவர்களுக்கு மானியம் தருவார்கள். தமிழுக்கென்று ஒரு மானியம். என் பீரோவைத் தவிர வேறு யாருக்குப் போகும்? விண்ணப்பத்தை நானே இங்கிலீஷில் எழுதினேன்.

பார்வையிட ஒரு பார்சி அம்மாள் வந்தார். வெள்ளைத் தலை, குதிகால் செருப்பு, கையில் பூதக்கண்ணாடி. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் புஸ்தகத்தை எடுத்த விதத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. முதுகைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் உள்ளதை உள்ளே தள்ளிவிட்டு நடுவிலிருந்ததை எடுத்தார். தையலைத் தடவிப் பார்த்து, "யார் தைத்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான்தான் என்றேன். "பிரமாதம்" என்றார். மானியம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் பக்கங்களைப் புரட்டினார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியுமே. "இந்தப் பக்க எண்கள் ஏன் தாவுகின்றன? ஒன்பதிலிருந்து பதினாலு வரை. அப்புறம் மறுபடியும் ஒன்பது. மற்ற பக்கங்கள் எங்கே?"

"அது குப்பை. விளம்பரம், துணுக்கு, சமையல் குறிப்பு, வாசகர் கடிதம். ரத்திக்குப் போட்டுவிடுவோம்" என்றேன், பெருமையாகவே.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் தாராவியில் ஓரிடம் பார்த்தேன். அங்கே ஒன்றிலிருந்து எட்டு வரை இருக்கிறது. பதினைந்திலிருந்து கடைசி வரை இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினாலு மட்டும் எதிலுமே இல்லை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் ரத்தி. என் கையால் நான் கிழித்த மிச்சம். அதை யாரோ ஒருத்தி அடுக்கி வைத்து, அதற்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறாள்!

பார்சி அம்மாளுக்கு ஒரே உற்சாகம். கிடங்குக்காரர் மனைவியாம். இந்தியில் பொளந்து கட்டுகிறாளாம். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாளாம். தனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தாளாம். நான் வெள்ளித் தம்ளரில் காப்பி கொடுத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியிருந்த கதைகளை விசாரித்தேன், பாதி இன்று புத்தகமாகவே கடையில் கிடைக்கிறது" என்றார். "அவள் வைத்திருப்பது எங்கேயும் கிடைக்காது. ஆனால் அதுவும் பாதிதான். டிரஸ்ட் பாதிப் பத்திரிகைக்குப் பணம் தராது. நீங்கள் பைண்டைப் பிரித்தால் இரண்டும் சேர்ந்து முழுசாகும்."

"சேர்த்து எங்கே வைப்பது?" என்று கேட்டேன். மாட்டுங்காவில்தான் என்று சொல்வார் என்ற தைரியம்.

"உங்கள் அறை எப்போதெல்லாம் திறந்திருக்கும்?"

"செவ்வாயும் வெள்ளியும், மத்தியானம் மூணு மணிக்கு மேல். அங்கத்தினர்களுக்கு."

"அங்கே நான் போனபோது உட்கார இடமில்லை, அத்தனை கூட்டம்" என்றார் அந்த அம்மாள். "கிடங்கு மாடி ஓதமில்லாத இடம். அலமாரி அங்கே வைக்கலாம். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். தமிழுக்கு வைத்ததை வேறு பாஷைக்குக் கொடுத்துவிடுவோம். அடுத்த வாரம் சொல்லுங்கள்."

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் பீரோவைப் பிரித்து, என் தையலை அறுத்து, அந்தக் கோலி சோடாக்காரியின் மாடியில் கொண்டு போய்க் கொட்டவேண்டுமாம். அகத்துக்காரரிடம் புலம்பினேன். அவர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நீ வித்தது பழைய பேப்பர். அவ வாங்கினது பழைய பேப்பர். இதுல சண்டைக்கு என்ன இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்கோ" என்றேன்.

படுத்துப் புரண்டதில் ஒன்று மட்டும் தெளிவானது. நான் மாட்டேன் என்றால் அவளுக்கும் கிடையாது. எனக்குப் போனால் போகிறது, அவளுக்கு வரக்கூடாது. பூச்சி அரித்தாலும் என் பீரோவிலேயே அரிக்கட்டும். இந்த நினைப்பு வந்த பிறகுதான் தூக்கமே வந்தது. ஆனால் கடிதத்தில் சொன்னால் என்ன ருசி? நேரில் போய்ச் சொல்லவேண்டும். சொல்லும்போது அவள் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கவேண்டும்.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் பாதைதான். அத்தனை வருஷத்தில் நான் அதைத் தாண்டியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு போனேன். தோல் வாடை மூக்கில் ஏறியது. கிடங்கைக் கேட்டால் சந்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகக் கை காட்டினார்கள். என் பீரோவை மாட்டுங்காவில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அதுவும் உறைத்தது.

கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, முழங்கை வரை தங்கவளையல், நல்ல ஆகிருதி. ஒரு குஜராத்திக்காரனிடம் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டே அவனைச் சிரிக்கவும் வைத்தாள். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"வாங்க மாமி. ரத்தி போடணுமா? ஆள அனுப்புதேனே, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம் வாரீய?"

"மாடியில புஸ்தகம் இருக்குன்னு சொன்னா. பாக்கலாமோ?" என்றேன். சொல்ல வந்ததை எடுத்தவுடன் சொல்லக்கூடாது, முதலில் பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு.

"பாக்கத்தான வச்சிருக்கு. ஏறுங்க. தல இடிச்சிராம, குனிஞ்சி வாங்க."

மரப்படி ஏறினேன். மேலே பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தோல்பை தைக்கிற வேலைக்காரிகள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒருத்தி மடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் கட்டுக் கட்டாக என் பத்திரிகைகள். சணல் கயிறு போட்டு, வருஷம் மாதம் என்று ஒழுங்காக அடுக்கியிருந்தாள். எங்கள் சங்கத்துக் காப்பிக் கறைகூட எனக்கு அடையாளம் தெரிந்தது. அட்டைப் படங்கள் பளபளவென்று இருந்தன. இத்தனை அழகாகவா இருந்தன? நான் கவனித்ததே இல்லை.

"யக்கா, வாசி யக்கா" என்றார்கள் எல்லோரும். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். இவள்தான் வாசிப்பாளாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாசகர் கடிதத்தை வாசித்தாள். மாமியார் பேசுகிற மாதிரியே குரலை மாற்றினாள். இவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் சங்கத்தில் நான் ஒரு கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். எனக்கு நெஞ்சு காந்தியது. மானியத்துக்காக இல்லை. அந்தச் சிரிப்புக்காக.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இருக்கு மாமி. சமையல் இருக்கு, வைத்தியம் இருக்கு, சிரிப்பு இருக்கு. கத மட்டும் இல்ல. எவளோ ஒருத்தி வாராவாரம் கதய அத்து எடுத்துக்கிடுதா. ரத்தி வாங்க ஆரம்பிச்ச நாள்லருந்து அவள ஏசிக்கிட்டுதான் இருக்கேன்."

நான் குடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏசுதேன்னு சொல்லுதேன். நெசத்தச் சொன்னா பொறாம மாமி. என்னா பொறாமைங்கீய! முழுக் கதையும் மடியில வச்சிக்கிட்டு, ஃபேனுக்கு அடியில ராணி கணக்கா ஒக்காந்திருப்பா அவ. நான் இங்கன கெடந்து தலைவலித் தைலம் வெளம்பரத்தப் படிக்கேன். எத்தன நாளு அவ மூஞ்சிய நெனச்சி நெனச்சி வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. என்மேலா? கைக்கடிகாரம் பார்க்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு பீரோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்மேலா? எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாளா என்றுகூட இருந்தது.

அவளோ அடுத்த பத்திரிகையை எடுத்துவிட்டாள். "இந்தச் சவத்தப் பாருங்க. சிரிக்கப் போற சமயத்துல அத்துட்டா." எட்டாம் பக்கத்தின் அடியிலிருந்து வாசித்தாள். "ஒரு மாசமாத் தங்கியிருந்த விருந்தாளி பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புதாரு. வீட்டுக்காரரு மரியாதைக்கு, 'ஏன் சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?'ன்னு கேக்காரு. அதுக்கு விருந்தாளி என்ன சொன்னாருன்னா..." நிறுத்தினாள். "அம்புட்டுதான். பக்கத்தக் காணும்."

"என் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி இன்று காலைதான் ஊருக்குக் கிளம்பினாராம். தந்தி வந்திருக்கிறது" என்றேன்.

என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் மாடியே அதிர்ந்தது. ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரே அறை, அந்த அறையில் ஊரிலிருந்து வந்த விருந்தாளி வேறு. பால் குடித்த குழந்தை பயந்து அழுதது. நானும் சிரித்தேன். எத்தனை வருஷம் படித்தும் புரியாத துணுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்து!

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"மாமி... இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டேன்.

"நீங்கதானா அது? அடப்பாவி மாமி!" என்று என் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். வளையலெல்லாம் குலுங்கின. "கதயெல்லாம் பத்திரமா இருக்கா? ஒண்ணுகூட விடாம?"

"பத்திரமா இருக்கு" என்றேன். மாட்டேன் என்று சொல்ல வந்தவள் நான். வழியெல்லாம் அந்த வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தால் எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. பரிதாபத்தினால் இல்லை. சொல்லிவிட்டு மாட்டுங்காவுக்குப் போய் பீரோ முன்னால் உட்கார்ந்தால், இவர்கள் இங்கே சிரித்துக்கொண்டிருப்பார்களே, அதை எப்படித் தாங்குவது?

"கொண்டு வரேன்" என்றேன். "ஆனா தையல நான்தான் பிரிப்பேன். நீங்க யாரும் தொடப்படாது."

"தொடல மாமி, சத்தியமாத் தொடல" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பார்சி அம்மாளிடம் சம்மதம் சொன்னேன். மானியம் வந்தது, இரும்பு அலமாரிகள் வந்தன. சங்கத் தலைவி, அப்பாடா, இனி அந்த அறையில் கோலப் போட்டி நடத்தலாம் என்றாள். எனக்குப் பிடித்த அந்தக் கதையைத்தான் முதலில் டாக்ஸியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் பாயில் உட்கார்ந்து, பிளேடால் என் தையலை நானே அறுத்தேன். அவள் சொன்னபடி தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள், அவள் மூச்சு என் காதில் பட்டது. அவளுடைய எட்டாம் பக்கத்துக்கு அடுத்து என்னுடைய ஒன்பதை வைத்தேன். கிழிசலோடு கிழிசல் சரியாகப் பொருந்தியது.

பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். "வாசி யக்கா" என்றார்கள். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பத்தாம் பக்கத்தைப் புரட்டினாள். எல்லார் கண்ணும் அவள்மேல். எனக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கினேன்.

"கதை என்னோடது. நான் வாசிக்கிறேன்."

அவள் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் கதைக்கு நான், துணுக்குக்கு அவள் என்று ஆகிவிட்டது. கதையைக் கேட்டு அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அந்த மாடி அதிர்கிற சிரிப்பு அவளுக்குத்தான். துணுக்குப் பக்கத்தை ஒரே ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடுடி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் கொடுக்கவில்லை.